சாண்டினிஸ்டாவை வெட்டாதீர்கள்: தி க்ளாஷ் ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தி க்ளாஷ் ரசிகர்களுக்கு,

வணக்கம். லண்டனில் 1976இல் கிளம்பிய நம் பங்க் ராக் குழுவைப் பற்றி நம்மில் நாலு பேர் சேர்ந்து பேச ஆரம்பித்தால் கொஞ்ச நேரத்தில் யாராவது ஒருவர் அந்தப் பட்டியலை எடுத்துவிடுகிறார். 'சாண்டினிஸ்டா!' ஆல்பத்தின் 36 பாட்டில் எந்தப் பன்னிரண்டை வைத்துக்கொள்வது, எதையெல்லாம் தூக்கிப் போடுவது என்கிற பட்டியல். 1980 டிசம்பரில் மூன்று எல்பி தட்டுகளாக வந்த அந்த ஆல்பத்தை ஒரே தட்டாகச் சுருக்கியிருந்தால் அதற்கு முந்தைய ஆல்பமான 'லண்டன் காலிங்'குக்குச் சமமாக நின்றிருக்கும் என்பது உங்களில் பலருடைய முடிவு. மீதி 24 பாட்டை ஏன் தள்ளுகிறீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது: அதெல்லாம் பங்க்கே இல்லை.

உங்களோடு சண்டை போட இதை எழுதவில்லை. பாடகர் ஜோ ஸ்ட்ரம்மரின் குரலை நீங்கள் எவ்வளவு நேசிக்கிறீர்களோ அவ்வளவு நானும் நேசிக்கிறேன். ஒரு விஷயத்தை மட்டும் கேட்டுக்கொள்ளத்தான் இந்த மடல். புதிதாகக் கேட்க வருகிறவர்கள் கையில் அந்தப் பன்னிரண்டு பாட்டுப் பட்டியலைத் திணிக்காதீர்கள். அவர்கள் முழுசாகக் கேட்கட்டும். பிடிக்காததை அவர்களே தள்ளிக்கொள்ளட்டும்.

அந்த 36 பாட்டும் எப்படி நம் கைக்கு வந்தன என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் பட்டியல் போடும்போது மறந்துவிடுகிறோம். மூன்று தட்டை ஏறக்குறைய ஒரு தட்டின் விலைக்கு விற்க அவர்களுடைய தட்டுகளை வெளியிட்ட சிபிஎஸ் நிறுவனத்துக்கு மனசில்லை. குழு விடவில்லை. பிரிட்டனில் விற்கும் முதல் 2,00,000 பிரதிகளுக்குத் தங்களுக்கு வர வேண்டிய ராயல்டியை விட்டுக்கொடுத்து அந்த விலையை வாங்கினார்கள். அப்போது அவர்கள் பணக்காரர்களும் இல்லை, கம்பெனிக்கே கடன்பட்டிருந்தவர்கள். தட்டின் வரிசை எண்ணைக்கூட 'எஃப்எஸ்எல்என்1' என்று வைத்தார்கள். நிகராகுவாவில் 1979 ஜூலையில் சர்வாதிகாரி சொமோசாவின் ஆட்சியைக் கவிழ்த்த சாண்டினிஸ்டா முன்னணியின் பெயர்ச் சுருக்கம் அது. உறைக்குள்ளே 'தி அர்மகிடியன் டைம்ஸ்' என்று ஒரு செய்தித்தாள் மாதிரி, எல்லாப் பாட்டின் வரிகளும் ஸ்டீவ் பெல்லின் கார்ட்டூன்களோடு. வரிகளை ஜனங்கள் உட்கார்ந்து படிக்க வேண்டும் என்ற எண்ணம் இல்லாதவர்கள் இவ்வளவு மெனக்கெட மாட்டார்கள். சொந்தப் பணத்தை விட்டுக்கொடுத்து அவர்கள் கொடுத்ததைத்தான் நாம் மூன்றில் ஒரு பங்காக வெட்டிக்கொண்டிருக்கிறோம்.

சரி, பங்க்கா இல்லையா என்ற கேள்விக்கு வருகிறேன். இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் எல்லோரும் 1977 ஏப்ரலில் வந்த முதல் ஆல்பத்தை அளவுகோலாக வைக்கிறார்கள். வேகம், கிட்டாரில் மூன்றே கார்டு (சுரக்கூட்டு), இரண்டு நிமிடம், கத்தல். அந்த ஆல்பத்தில் இருப்பதிலேயே நீளமான பாட்டு எது? 'போலீஸ் அண்ட் தீவ்ஸ்.' ஜமைக்காவின் ஜூனியர் மர்வின், தயாரிப்பாளர் லீ 'ஸ்க்ராட்ச்' பெர்ரியோடு சேர்ந்து அதற்கு முந்தைய ஆண்டுதான் பாடியிருந்த ரெகே பாட்டு. அதை ஆறு நிமிடத்துக்கு இழுத்துப் பாடுகிறார்கள். அதாவது நீங்கள் தூய்மையானது என்று கும்பிடுகிற தட்டிலேயே ரெகே நடு வீட்டில் உட்கார்ந்திருக்கிறது. அதே 1977 செப்டம்பரில் வந்த 'கம்ப்ளீட் கன்ட்ரோல்' பாட்டைத் தயாரித்தவரும் அதே லீ பெர்ரிதான். குழுவைக் கேட்காமல் 'ரிமோட் கன்ட்ரோல்' பாட்டைத் தனித் தட்டாக வெளியிட்ட கம்பெனியை நேருக்கு நேர் திட்டுகிற அந்தப் பாட்டை, எல்லாப் பங்க் பாட்டிலும் பங்க்கானது என்று சொல்லாதவர் நம்மில் யார்?

அதற்குக் காரணமும் இருந்தது. 1976 கடைசியிலிருந்து 1977 வசந்தம் வரை லண்டன் பங்க் கூட்டம் கூடிய ராக்ஸி கிளப்பில் தட்டு சுழற்றியவர் டான் லெட்ஸ். பெற்றோர் ஜமைக்காவிலிருந்து வந்தவர்கள். பங்க் குழுக்கள் அப்போதுதான் முளைத்திருந்தன, இரவு முழுக்கப் போடுகிற அளவுக்குப் பங்க் தட்டுகளே வெளியாகவில்லை. அதனால் அவர் தன்னிடமிருந்த ரெகே தட்டுகளையும், குரலைக் குறைத்துத் தாளத்தை முன்னிறுத்தும் டப் தட்டுகளையும் போட்டார். மேடையில் கிட்டார் அலறல், இடைவேளையில் ஜமைக்கா பேஸ். அந்தக் கூட்டத்தின் காது அப்படித்தான் பழகியது. குழுவில் பேஸ் வாசித்த பால் சிமனன், கரீபியக் குடியேறிகள் நிறைந்த லண்டன் பிரிக்ஸ்டனில் சின்ன வயதைக் கழித்தவர், ரெகே கேட்டுக்கொண்டே வளர்ந்தவர். பிற்காலத்தில் வழிதவறி ரெகேவுக்குப் போய்விட்டார்கள் என்று நாம் சொல்வது, அந்தக் குழு பிறந்த தெருவைத் தெரியாமல் பேசுகிற பேச்சு.

இன்னொன்று. அட்லாண்டிக்கின் இரண்டு கரையிலும் இருக்கிற ரசிகர்கள் முதல் ஆல்பத்தைப் பற்றி வாதாடும்போது ஒரே தட்டைப் பற்றிப் பேசுவதில்லை! அமெரிக்காவில் அது 1979இல்தான் வந்தது. 'டினை', 'சீட்', 'புரோடெக்ஸ் ப்ளூ', '48 ஹவர்ஸ்' நான்கையும் எடுத்துவிட்டு, இடையில் வந்த தனித் தட்டுப் பாடல்களைச் சேர்த்தார்கள். '(ஒயிட் மேன்) இன் ஹாமர்ஸ்மித் பாலே' அமெரிக்க ரசிகருக்கு முதல் ஆல்பப் பாட்டு. பிரிட்டிஷ் ரசிகருக்கு அது 1978 ஜூனில் வந்த தனி சிங்கிள், ஆல்பத்தில் கிடையாது. முதல் தட்டு மட்டுமே உண்மையான க்ளாஷ் என்று அடித்துப் பேசுகிற இரண்டு பேர் அடுத்த தடவை மோதும்போது, முதலில் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த வகைச் சண்டை வெறும் பேச்சோடு நிற்கும் என்று யாராவது நினைத்தால் 1981ஐ ஞாபகப்படுத்துகிறேன். நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் பாண்ட்ஸ் அரங்கு. அளவுக்கு மேல் சீட்டு விற்றுவிட்டார்கள், தீயணைப்புத் துறை குறுக்கே வந்து கூட்டத்தைக் குறைக்கச் சொன்னது. வாங்கிய சீட்டு யாருக்கும் வீணாகக் கூடாது என்று குழு நிகழ்ச்சிகளை 17 வரை நீட்டியது. அதுவரைக்கும் பெருமைப்பட வேண்டிய கதை. ஆனால் முதல் இரவு முன்னால் பாட க்ளாஷ் அழைத்திருந்தது அதே நகரத்தின் பிராங்க்ஸ் பகுதியிலிருந்து வந்த ராப் குழுவான கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷையும் ஃபியூரியஸ் ஃபைவையும். க்ளாஷ் ரசிகர்கள் அவர்களைக் கூச்சல் போட்டு, கையில் கிடைத்ததையெல்லாம் வீசி விரட்டினார்கள். அதே நாட்களில் அதே ஊரில் கறுப்பின மக்கள் கேட்கும் டபிள்யூபிஎல்எஸ் வானொலி 'தி மேக்னிஃபிசன்ட் செவன்' பாட்டின் ரீமிக்ஸை விடாமல் ஒலிபரப்பிக்கொண்டிருந்தது. லண்டன் வெள்ளைக்காரர்களின் ராப் பாட்டுக்கு அவர்கள் காது கொடுத்தார்கள். அவர்களுடைய ராப்புக்கு நம் ஆட்கள் காது கொடுக்கவில்லை. எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் முகம் சுருங்குகிறது. மறு ஆண்டே அதே ஃபியூரியஸ் ஃபைவ் 'தி மெசேஜ்' பாட்டைக் கொண்டுவந்தார்கள். நகரத்து ஏழ்மையைப் பற்றி அந்தப் பத்தாண்டில் வந்த மிக முக்கியமான பாட்டுகளில் ஒன்று. எறிந்தவர்கள் யார் மேல் எறிந்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது பாட்டுகளுக்குள்ளே போவோம். எனக்கு இதுதான் முக்கியம், மேலே சொன்னதெல்லாம் வழியை ஒழுங்குபடுத்தத்தான்.

'தி மேக்னிஃபிசன்ட் செவன்' 1980 வசந்தத்தில் நியூயார்க்கில் பதிவானது. ப்ளாண்டி குழுவின் ராப் பாட்டு வெளிவருவதற்கு முன்பே பதிவாகிவிட்டது. சிமனன் அப்போது ஒரு படத்தில் நடிக்கப் போயிருந்ததால் பேஸ் வாசித்தவர் ப்ளாக்ஹெட்ஸ் குழுவின் நார்மன் வாட்ராய். வரிகளைப் பற்றி உங்களுக்குள் ஒரு பழைய சண்டை உண்டு: ஸ்ட்ரம்மர் வாய்க்கு வந்ததை உளறினாரா, யோசித்து எழுதினாரா? காலை ஏழு மணிக்கு அலாரம் அடித்து எழுந்து, கடிகாரத்துக்காக உழைத்து, மதிய இடைவேளையில் எதையாவது வாங்கித் தின்று, காதலிக்கு ஏதாவது வாங்கக் காசு சேர்க்கிற ஒரு தொழிலாளியின் நாள் அது. நடுவிலே மார்க்ஸும் ஏங்கல்ஸும் கடையில் காசு கட்டும் இடத்துக்கு வருகிறார்கள். மார்க்ஸிடம் காசில்லை. நண்பரிடம் கடன் வாங்கியே வாழ்ந்த மனிதரை அந்த இடத்தில் நிறுத்தியது தற்செயலா? அப்புறம் மார்ட்டின் லூதர் கிங்கும் மகாத்மா காந்தியும் ஆட்டம் பார்க்கப் போகிறார்கள், எதிரணி அவர்களைக் கொன்றுவிட்டு ஐம்பதுக்குப் பூஜ்யம் என்று ஜெயிக்கிறது. அகிம்சையின் இரண்டு பெயர்களையும் இருபதாம் நூற்றாண்டு என்ன செய்தது என்பதை விளையாட்டுச் செய்தியின் மொழியில் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறார். இதை உளறல் என்று என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. வேகமாக எழுதியிருக்கலாம். யோசித்த மனசு இல்லாமல் அந்த வேகம் வராது.

அதே முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு 'சம்திங் அபவுட் இங்லண்ட்'. வெட்டுப் பட்டியல்களில் இதை எத்தனையோ முறை காணவில்லை, எனக்குத் தாங்கவில்லை. குடியேறிகள்தான் திருடுகிறார்கள், இங்கிலாந்து ஆங்கிலேயருக்கே ஆனால் எல்லாம் சொர்க்கமாகிவிடும் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்களாம். குழுவின் கிட்டார் கலைஞரும் இன்னொரு பாடகருமான மிக் ஜோன்ஸ் இப்படித் தொடங்குகிறார். பிறகு தெருவோரத் தூணடியில் ஒரு கிழவரைச் சந்திக்கிறார். அந்தக் கிழவராக ஸ்ட்ரம்மர் பாடுகிறார். முதல் உலகப் போர், முப்பதுகளின் பட்டினி, மறுபடி போர், திரும்பி வந்தபோது எஞ்சியிருந்த கொஞ்சம் பேர். பழைய மியூசிக் ஹால் மேடைப் பாட்டு மாதிரி பித்தளை வாத்தியங்கள், பியானோ. ஒரு கார்டைக்கூட அலற விடவில்லை. குடியேறிகளைக் குற்றம் சொல்லிக் கிளம்புகிற ஒரு தேசத்தின் நூறாண்டுக் கதையை நான்கு நிமிடத்துக்குள் இரண்டு குரலில் சொல்லி முடிக்கிறது. மார்கரெட் தாட்சர் ஆட்சிக்கு வந்து ஒன்றரை ஆண்டுதான் ஆகியிருந்தது. இதைவிடக் காரமான எதிர்ப்புப் பாட்டு முதல் ஆல்பத்தில் எது? சொல்லுங்கள், கேட்கிறேன்.

இதே பாட்டின் ஒலிநாடாவைத் தலைகீழாக ஓட்டி, மேலே சத்தங்கள் சேர்த்துச் செய்ததுதான் ஐந்தாம் பக்கத்து 'மென்ஸ்ஃபர்த் ஹில்'. அது வேண்டாம் என்பவரோடு நான் வாதாடப் போவதில்லை. குழந்தைகள் பாடும் 'கரியர் ஆப்பர்ச்சூனிட்டீஸ்' சிலருக்கு எரிச்சலூட்டும், எனக்குப் பிடிக்கும். 'ஜங்கி ஸ்லிப்' எனக்கு இன்றுவரை ஒட்டவில்லை. எல்லாமே ரத்தினம் என்று நான் சொல்லவே இல்லை.

ஆனால் ஆறாம் பக்கத்தை 'இடத்தை நிரப்பப் போட்டது' என்று ஒதுக்குவதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஜமைக்காவில் ஒரு பாட்டின் மறுபக்கத்தில் அதே பாட்டின் 'வெர்ஷன்' வருவது வழக்கம். மிக்சிங் மேசையில் உட்காருகிறவர் குரலை எடுத்துவிடுவார், டிரம்ஸையும் பேஸையும் முன்னுக்குக் கொண்டுவருவார், ஒரு சொல்லை மட்டும் விட்டுவைத்து அதை எதிரொலியில் அலைய விடுவார். கிங் டப்பியும் லீ பெர்ரியும் அந்த மேசையையே வாத்தியமாக வாசித்தார்கள். இதற்காகவே ஜமைக்கா வானொலியில் பேர் வாங்கிய மைக்கி ட்ரெட் இந்த ஆல்பத்தில் அவர்களோடு உட்கார்ந்திருக்கிறார். 'சிலிகோன் ஆன் சஃபயர்' என்பது 'வாஷிங்டன் புல்லட்ஸ்' பாட்டின் டப். முதலில் நாலாம் பக்கத்தில் அந்தப் பாட்டை வரிகளோடு கேளுங்கள். சிலியில் ராணுவம் கவிழ்த்த அதிபர் அயெந்தேயின் கடைசி நாட்கள், சாண்டியாகோ விளையாட்டரங்கில் கொல்லப்பட்ட பாடகர் விக்டர் ஹாரா, கியூபாவில் அமெரிக்கா ஏவிய பன்றி விரிகுடாப் படையெடுப்பு, கடைசியில் நிகராகுவா. வெறும் அமெரிக்க எதிர்ப்புப் பிரச்சாரம் என்று உங்களில் சிலர் சொல்கிறீர்கள். கடைசிப் பகுதி வரை கேட்டவர் அப்படிச் சொல்ல முடியாது. மாஸ்கோவின் குண்டுக்குத் தப்பிய ஆப்கானியரைக் கேள் என்கிறார் ஸ்ட்ரம்மர், திபெத்தில் சீனா கொன்ற துறவிகளைப் பற்றி தலாய் லாமாவைக் கேள் என்கிறார், கூலிப்படைக்காரன் கையிலிருக்கும் பிரிட்டிஷ் குண்டுகளைப் பார் என்கிறார். தன் ஊரையும் விடவில்லை. இத்தனை ரத்தத்துக்கும் டிரம்மர் டாப்பர் ஹெடன் வாசிக்கும் மரிம்பா (மரக்கட்டை வாத்தியம்) லேசாக, கிட்டத்தட்டக் குதூகலமாக ஒலிக்கிறது. அதையும் கேட்டு முடித்த பிறகு ஆறாம் பக்கத்துக்குப் போனால் சொற்கள் போய்விட்டிருக்கும், இயந்திரக் குரல்கள் வந்திருக்கும். சொன்னதெல்லாம் துடைக்கப்பட்ட பிறகு மிஞ்சுவது அது. இதை நிரப்பி என்று எப்படிச் சொல்ல?

வரிகளைப் படிக்காமல் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு சாட்சி இருக்கிறது. 'ஒயிட் ரயட்' பாட்டைக் கேட்டு அதை வெள்ளை இனவெறிப் பாட்டு என்று புரிந்துகொண்டவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். 1976 ஆகஸ்டில் லண்டனில் கரீபிய மக்கள் கொண்டாடும் நாட்டிங் ஹில் கார்னிவலில் கறுப்பின இளைஞர்கள் போலீஸோடு மோதியபோது ஸ்ட்ரம்மரும் சிமனனும் அங்கே இருந்தார்கள். கறுப்பினத்தவர் எதிர்த்து நிற்கிறார்கள், வெள்ளைக்காரர்களான நம் ஆட்கள் சும்மா இருக்கிறார்களே என்ற ஆதங்கம்தான் அந்தப் பாட்டு. இரண்டாவது 'ராக் தி காஸ்பா'. டிரம்ஸ், பேஸ், பியானோ மூன்றையும் டாப்பர் தனியாக வாசித்துப் போட்ட மெட்டு. இசைக்குத் தடை போட்ட மன்னன் குண்டு போடச் சொல்கிறான், விமானிகள் அந்த உத்தரவை மதிக்காமல் வானொலியைப் போட்டுக்கொண்டு போகிறார்கள் என்பது கதை. 1991 வளைகுடாப் போரில் அமெரிக்கப் படையினர் ஒரு குண்டின் மேல் அந்தப் பாட்டின் பெயரை எழுதினார்கள் என்றும், அதைக் கேட்டு ஸ்ட்ரம்மர் மனமுடைந்து அழுதார் என்றும் சொல்வார்கள். பங்க்கா, டிஸ்கோவா என்று நாம் அந்தப் பாட்டைப் பற்றிச் சண்டை போட்ட நேரத்தில், அது எதைச் சொல்கிறது என்று உரக்கச் சொல்லியிருக்கலாம்.

இனி தமிழர்களான நமக்கு நெருக்கமான ஒரு பாட்டு. 1982இல் வந்த 'காம்பாட் ராக்' ஆல்பத்தின் 'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்'. பாதி ரசிகர்கள் இதை மெதுவான பாட்டு என்று தாண்டிப் போனார்கள். டாப்பர் வாசிப்பது பிரேசிலின் பொஸ்ஸா நோவா தாளம். மூடிக் கிடக்கும் இரும்பு ஆலைகளுக்கு நடுவே இங்கிலாந்தில் குடியேறியவன், அமெரிக்க ராணுவத்தான் விட்டுவிட்டுப் போன வியட்நாம் பிள்ளை, நியூயார்க்கில் யாருக்கும் வேண்டாதவர்கள் என்று வெவ்வேறு ஊர்க்காரர்களுக்கு ஒரே பதில் சொல்லப்படுகிறது: இங்கே உனக்கு இடமில்லை. அந்தப் பாட்டின் கிட்டார் ஒலித்துணுக்கை எடுத்து 2007இல் 'பேப்பர் ப்ளேன்ஸ்' செய்தவர் மாதங்கி அருள்பிரகாசம், நாம் எம்.ஐ.ஏ. என்று அழைக்கும் ஈழத்தமிழ்ப் பெண். யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, போருக்குத் தப்பி லண்டனுக்கு அகதியாக வந்தவர். அமெரிக்க விசா கிடைக்காமல் அலைக்கழிந்த பிறகு எழுதியது. குடியேறிகளைப் பற்றி ஊரார் என்ன பயப்படுகிறார்களோ அதையே எடுத்துப் பாடி, துப்பாக்கிச் சத்தத்தையும் கல்லாப்பெட்டிச் சத்தத்தையும் பல்லவியாக்கினார். அமெரிக்கப் பட்டியலில் நாலாம் இடம் வரை போனது. எழுதியவர்கள் பட்டியலில் க்ளாஷ் நால்வரின் பெயரும் உண்டு. குடியேறிகளைத் துரத்துகிறவர்களைப் பற்றி அவர்கள் எழுதிய பாட்டு, துரத்தப்பட்ட ஒருத்தியின் கைக்கு வந்து சேர்ந்தது. அவர் அந்தப் பாட்டை எடுக்கும்போது இது பங்க்தானா என்று கேட்டிருப்பாரா?

ஆகவே ரசிகர்களே, என் வேண்டுகோள் சின்னதுதான். யாராவது க்ளாஷை எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், முதல் ஆல்பத்தையும் 'லண்டன் காலிங்'கையும் தாராளமாகச் சொல்லுங்கள். 'சாண்டினிஸ்டா!' என்று வரும்போது, ஒரு நாளைக்கு ஒரு பக்கம், ஒரு பக்கத்துக்கு ஆறு பாட்டு, கையில் வரிகள் என்று சொல்லுங்கள். பி சைடுகளையும் விட்டுவிடாதீர்கள். 'ஜெயில் கிட்டார் டோர்ஸ்' ஒரு சிங்கிளின் பின்பக்கத்தில் கிடந்த பாட்டுதான். 2007இல் சிறைக் கைதிகளுக்குக் கிட்டார் கொடுக்க ஓர் அமைப்பு தொடங்கிய பிரிட்டிஷ் பாடகர் பில்லி ப்ராக் அந்தப் பெயரைத்தான் வைத்தார். அந்தப் பாட்டின் முதல் வரிகளில் வரும் அமெரிக்கக் கிட்டார் கலைஞர் வேய்ன் க்ரேமர், போதைப்பொருள் வழக்கில் சிறை சென்று வந்தவர், பிறகு அமெரிக்காவில் அதே வேலையை எடுத்துச் செய்தார்.

வாதாடுவதை நிறுத்தச் சொல்லவில்லை. வாதாட இன்னும் எவ்வளவோ இருக்கிறது. 'அப் இன் ஹெவன்' பாட்டில் வரும் அடுக்குமாடிக் கோபம், லண்டனின் வெஸ்ட்வே சாலையைப் பார்த்த பதினெட்டாம் மாடியில் பாட்டியோடு வாழ்ந்த மிக் ஜோன்ஸ் எழுதியதிலேயே சிறந்தது என்கிறேன் நான். 'லாஸ்ட் இன் தி சூப்பர்மார்க்கெட்' என்பார்கள் உங்களில் பாதிப் பேர். அந்த வரிகளை மிக்கின் சின்ன வயதைக் கற்பனை செய்து எழுதியது ஸ்ட்ரம்மர் என்பதால் அது கணக்கில் வராது என்பது என் கட்சி. 'தி ஸ்ட்ரீட் பரேட்' ஐந்தாம் பக்கக் கடைசியில் இல்லாமல் முதல் பக்கத்தில் இருந்திருந்தால் இந்த ஆல்பம் வாங்கிய பேரே வேறு மாதிரி இருந்திருக்கும் என்றும் சொல்வேன். மறுக்கிறவர்கள் வரியோடு வாருங்கள், காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்களில் ஒரு ரசிகன்